போர்டிகோ ஒழுகல்

"மழை விட்டும் ஒழுகிக்கினே இருக்குதுண்ணே. தச்ச துணியெல்லாம் பாழாவுது. போர்டிகோ மேல்தளத்துக்கு வாட்டர்ப்ரூஃப் அடிச்சிடலாம்" என்று கெஞ்சினான், கீழே போர்டிகோவில் தையல்கடை வைத்திருந்த நவுஷாத்.

"தளம் குடிச்ச தண்ணி ஒழுகத்தான் செய்யும். முடியலன்னா உன் பாகத்தை எனக்கு வித்துட்டுக் கிளம்பு!" என்று எரிந்து விழுந்தார் மாடியில் குடியிருந்த அண்ணன் கலீலுல்லா.

அவர் தியாகதுருகம் கல்யாணத்துக்குப் போன சமயம், நவுஷாத் ஆள் வைத்துத் தளத்தைப் பூசிவிட்டான்.

திரும்பி வந்த கலீலுல்லா, வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல், படுக்கையறையை ஒட்டியிருந்த அந்தத் தளத்தின்மேல் ஜன்னல் வழியே நீட்டியிருந்த ஓஸ் பைப்பை வழக்கம்போல் திறந்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

விழித்தபோது, தளத்தில் தேங்கிய தண்ணீர் கதவிடுக்கு வழியே புகுந்து படுக்கையறை குளமாகியிருந்தது. தளத்தின் வடிகுழாயில் அவரே அடைத்து வைத்திருந்த சாக்கு அப்படியே இருந்தது.

கீழிருந்து குரல் வந்தது. "இன்னாண்ணே, ஊரெல்லாம் வெயிலு, உன் வூட்ல மட்டும் மழையா?"