ஐந்தாவது பிளக்

மீன்பிடிக்கப் போன லக்தர் கடலில் காணாமல் போய் மூன்று வருஷம். துறைமுக நகரமான ஓரானில் அவன் வீட்டு வாசலில் கார் அன்றிலிருந்து ஓடாமல் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ரவையில் செய்த கூஸ்கூஸ் சாப்பிட்ட கையோடு, அவன் மனைவி வசீலா எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளையும் வயர்களையும் தானே மாற்ற இறங்கினாள்.

"ஒவ்வொண்ணா மாத்துக்கா. மொத்தமாப் புடுங்கினா எந்த வயர் எங்கன்னு மச்சான்தான் வந்து சொல்லணும்," என்றான் அவள் தம்பி முனீர்.

அவள் ஒவ்வொன்றாகவே மாற்றினாள். கழற்றிய பழைய பிளக்குகளை முனீர் துணியில் அடுக்கினான். ஐந்து இருந்தன.

"நாலு சிலிண்டருக்கு நாலு பிளக்தானேக்கா?"

நான்கு துருவேறிக் கிடந்தன. வயரே இல்லாத ஐந்தாவதின் நுனியில் நீலப்பொறி விட்டுவிட்டுத் தெறித்தது, லக்தரின் படகு கரை திரும்பும்போது அதன் எஞ்சின் துடிக்கும் அதே தாளத்தில்.

முனீர் மரியாதையாகத் தலைத் தொப்பியைக் கழற்றினான். கடற்காற்றில் அந்தப் பொறி அணைந்துவிடாதபடி வசீலா இரு கைகளையும் குவித்தாள்.