தர்மராஜ் சாரின் சிபாரிசு

கடற்பாசியைத் தொட்டே அதன் ஏழு தலைமுறையைச் சொல்லிவிடும் முனைவர் சத்யப்பிரியா, வெளிநாட்டில் ஆராய்ச்சி வேலை தேடிக்கொண்டே, தேவிபட்டினம் ஆய்வகத்தில் தன் வழிகாட்டிப் பேராசிரியர் தர்மராஜுக்குச் சம்பளமில்லாமல் உழைத்தாள்.

அவளைப் பற்றி விசாரிக்க, அவள் விண்ணப்பித்திருந்த நார்வே ஆய்வகத்திலிருந்து அவரைப் போனில் அழைத்தார்கள். சார் போனோடு வெளியே போய், கடலே ஒதுங்கி வழிவிடும்படி கைவீசிப் பேசிவிட்டு வந்தார்.

"ஒன்னைய வானத்துக்குத் தூக்கி வச்சிட்டேன் தாயி!"

மறுநாள், வேலை இல்லை என்று பதில் வந்தது. அழுதாள்.

"வெள்ளைக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, விடு. போயி என் கட்டுரைய எழுதி முடி."

"நீங்க மட்டும் இல்லைன்னா சார்..." என்று காலில் விழுந்து எழுந்து, எழுதப் போனாள்.

சாரின் மனைவி நாகலெட்சுமி போனில் கேட்டார்: "ஏங்க, அந்தப் புள்ள போயிட்டா ஒங்களுக்கு யாரு எழுதுவா?"

"எங்கிட்டுப் போவா? அவ கட்டுரையெல்லாம் நான் எழுதிக் குடுத்ததுன்னு நார்வேக்காரன்கிட்டச் சொல்லிட்டேன்ல!"