ஆற்றுத்துறையைக் காத்தவர்

இத்தாலியை ஒன்றாக்க வந்த செஞ்சட்டைத் தொண்டர்கள் வொல்த்தூர்னோ ஆற்றங்கரையில் அரசனின் படையோடு மோதிய நாள் அது. காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்த தேவாலயத்தில், தொண்டர்களில் ஒருவரான தெபால்தோ வாத்தியார் காலை எட்டு மணிக்கே இறந்துபோனார். அங்கே காயங்களுக்குக் கட்டுப்போட்டுவந்த ஃபிலோமினாதான் அவர் கண்களை மூடி, உடலைக் கழுவிப் பின்னறையில் கிடத்தினாள்.

மதியம் தூக்கிவரப்பட்ட ஒருவன் வலியிலும் சிரித்தான். “அக்கா, எங்க வாத்தியார் ஒத்தை ஆளா ஆத்துத்துறையைப் பிடிச்சு நிக்கிறாரு. ராஜா பட்டாளத்தால ஓரடி நகர முடியல!”

“எந்த வாத்தியார்?”

“தெபால்தோதான். அவ்வளவு பிடிவாதம் வேற யாருக்கு?”

அடுத்து வந்த மூவரும் அதையே சொன்னார்கள்.

ஃபிலோமினா பின்னறைக்குப் போனாள். வாத்தியார் அவள் கிடத்திய இடத்திலேயே கிடந்தார். முழங்கால்வரை ஆற்றுச்சேறு, ஈரம் காயாமல் இருந்தது. மறுபடியும் பொறுமையாகக் கழுவிவிட்டாள்.

வெளியே பீரங்கி மீண்டும் முழங்கியது. அவள் எழுந்து அந்த அறையின் ஆற்றுப்பக்கக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, அகலத் திறந்துவைத்தாள்.