குமிழியின் சுருதி

"டீ வேணாங்க சார். வெரதம்" என்றாள் நாகலெட்சுமி.

தேயிலைத் தோட்டத்துப் பெண் தேநீரை மறுப்பதைச் சரிபுதீன் வியப்போடு பார்த்தார். ஆராய்ச்சிக் கப்பலுக்கு உதவியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அவர் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வந்து, ஹோட்டல் அறையில் கருவிகளைப் பரப்பி வைத்திருந்தார்.

விரதம் அவளுடைய யோசனை அல்ல. வேலை கிடைத்த பிறகுதான் மகள் சாப்பிடுவாள் என்று அம்மா காளியாயி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். நேர்ந்தது அம்மா, பட்டினி மகள். விஞ்ஞானப் பட்டதாரி அம்மனோடு வாதாடவில்லை. வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா வேறு சொல்லியிருந்தார்.

கடலடியில் கசியும் வாயுக் குமிழிகளை ஓசையால் அளப்பதுதான் வேலை. குமிழி பெரிதானால் சுருதி இறங்கும், சிறிதானால் ஏறும். அதற்காக அவள் வாளித் தண்ணீரில் பப்பாளித் தண்டால் ஊதி ஊதிக் காதைப் பழக்கியிருந்தாள். படிப்பு தலைக்கேறிவிட்டதென்று தோட்டத்து லயன் வீடுகளில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

சரிபுதீன் ஹெட்போனை நீட்டினார். கடலடியில் பதிவு செய்த ஓசையைக் கேட்டு விளக்க வேண்டும் என்றார். அவள் அதைக் காதுகளில் இறுக்கி மாட்டி, கூச்சத்தில் கண்களையும் மூடிக்கொண்டாள்.

கேட்டது. முதலில் தாழ்ந்த, நீண்ட ஓசை. பின்னால் பொடிப்பொடியாய் ஒரு கூட்டம்.

"பெரிய குமிழி ஒண்ணுங்க சார். மெதுவா நகருது. பின்னாலயே சின்னச் சின்னதா நெறைய வருது."

ஓர் அந்நிய ஆணிடம் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. அந்தத் தைரியத்தில் இன்னும் கொஞ்சம் அள்ளிவிட்டாள்.

"வழி வளைஞ்சு வளைஞ்சு போகுதுங்க. நடுவுல எங்கயோ குறுகலா இருக்கு. அதத் தாண்டத்தான் வாயு இந்தப் பாடு படுது."

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தாள். சரிபுதீன் கையில் ஒரு வயரோடு மேசைக்கு அடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க மிஸ். இவ்வளவு சின்னச் சத்தத்தயும் பிரிச்சுக் கேக்குற காது வேற யாருக்கும் இல்ல. வேல உங்களுக்குத்தான், போய் மொதல்ல சாப்பிடுங்க" என்றார். "மெஷினுக்கு நான் இன்னும் கரண்டே குடுக்கல."