சிரட்டை ஆந்தை

"இது குரங்காண்ணே?"

காலையிலிருந்து இதே கேள்விதான்.

ஆந்தை என்றான் பாண்டிராஜ். கேட்ட அம்மா அந்தத் தேங்காய்ச் சிரட்டையைத் திருப்பிப் பார்த்தார். திருப்பினால் இன்னும் குரங்காகத்தான் தெரிந்தது. பாவம், மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கே.கே. நகரில் ஒரு வீட்டின் மாடி ஹாலைத்தான் கேலரி ஆக்கியிருந்தார்கள். பொங்கலுக்கு அடுத்த வாரம், உள்ளூர்க் கைவினைப் பொருள் கண்காட்சி. கோரைப் பாய், பனையோலைப் பெட்டி, சுங்குடித் துணிப் பை. அவற்றுக்கு நடுவே பாண்டிராஜின் ஆந்தைகள் குடும்பத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன.

அவன் மருந்துக் கம்பெனி ரெப். எந்த டாக்டரிடமும் எந்த மாத்திரையையும் எழுதி வாங்கிவிடுகிற வாய். அந்த வாயால் இன்று ஓர் ஆந்தையை ஆந்தை என்று நம்பவைக்க முடியவில்லை.

'கலை ஆர்வத்தால்' என்று அவன் மேசை அட்டையில் எழுதியிருந்தார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. போன ஆடியில் இதே கேலரியின் அழைப்பு வாட்ஸப்பில் வந்தது. அதில் 'முத்துமீனா, சுடுமண் நகைகள்' என்று இருந்தது. பெயருக்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை. வெறும் முத்துமீனா.

மறுநாளே போய் ரம்பமும் உப்புத்தாளும் வாங்கி வந்துவிட்டான்.

யூடியூபில் ஒருவர் பேசிக்கொண்டே ஆந்தை செய்து முடித்துவிட்டார். பாண்டிராஜுக்கு ஒரு கண்ணை ஒட்டுவதற்கே ஒரு வாரம் ஆனது. அதுவும் மற்ற கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே போய் ஒட்டிக்கொண்டது.

ஐம்பது தாண்டிய மனிதன், ஒரு பெண்ணின் பக்கத்து மேசையில் உட்காருவதற்காகச் சிரட்டை தேய்க்கிறான் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் தேய்த்தான். காளவாசலில் அவன் தனியாக இருந்த மாடி அறைக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள்.

கேலரி நடத்தும் தமிழ்வாணி, எந்த மேசை வேண்டும் என்று கேட்டபோது வெளிச்சம், காற்றோட்டம் என்று என்னென்னவோ அளந்துவிட்டுக் கடைசியில் முத்துமீனாவின் பக்கத்து மேசையில் வந்து நின்றான்.

இன்றைக்கென்று தலைக்கு டை அடித்திருந்தான். காதோரம் கருப்பாக ஒட்டியிருந்ததை, அவள் மேசையில் தோடு போட்டுப் பார்க்க வைத்திருந்த கண்ணாடியில்தான் கவனித்தான். அவளும் கவனித்துவிட்டாள். கர்ச்சீப்பால் அழுத்தித் தேய்த்ததில் காது சிவந்து, கருப்பும் சிவப்புமாகக் கட்சிக் கொடி மாதிரி ஆகிவிட்டது.

மத்தியானம்தான் வாய் திறந்தது.

"டீ சொல்லவா?"

"குடிச்சுட்டேன்."

அதோடு பேச்சு முடிந்தது.

சாயங்காலம் ஒரு கல்லூரிப் பெண் வந்து ஆந்தையைக் கையில் எடுத்தாள். அவள் கேட்பதற்குள் பாண்டிராஜ் முந்திக்கொண்டான். "குரங்குன்னும் வச்சுக்கலாம் பாப்பா. நம்மகிட்ட கட்டாயம் கிடையாது."

பெண் சிரித்துவிட்டுக் கீழே வைக்கப் போனாள்.

"ஆந்தைதாம்மா." முத்துமீனா தலையைத் தூக்கவில்லை. அட்டையில் தோடுகளைக் குத்திக்கொண்டிருந்தாள். "கிட்டக்க பாத்தா ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்னு பாரு."

பெண் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. வாங்கிக்கொண்டு போனாள்.

பாண்டிராஜுக்கு விற்ற சந்தோஷமே வரவில்லை. அவள் சொன்னது ஆந்தையைத்தானா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கேட்கத் தைரியமில்லை.

கண்காட்சி முடிகிற நேரம். முத்துமீனா தோடுகளை டப்பாவில் அடுக்கினாள். பையைத் தோளில் மாட்டினாள். ஆடியிலிருந்து தை வரை தேய்த்தது, ஒரு 'குடிச்சுட்டேன்' வாங்கத்தானா என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான்.

படிவரை போனவள் நின்றாள். அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பவதாரிணியப் பொண்ணு பாக்க வாராங்க. அப்பா எங்கன்னு கேப்பாங்க. வந்துருங்க."

பாண்டிராஜ் எழுந்து நின்றான். மகள் அத்தனை வளர்ந்துவிட்டாளா என்று கேட்க நினைத்தான். வேறு எதுவோ வந்தது.

"வீடு... அதே வீடுதானா?"

"வீடு எங்க போகும்?" என்றாள். "போனது நீங்கதான."