கம்பெனியிலிருந்து வந்த மாதிரி

டிரைவர் சீட் மறுபடியும் பின்னால் போயிருந்தது.

கிளீட்டஸ் குள்ளமான மனிதர். நேற்று மாலை பெடல் எட்டுகிற அளவுக்குச் சீட்டை முன்னால் இழுத்துவிட்டு, கையோடு வொர்க்‌ஷாப்பைப் பூட்டிக்கொண்டுதான் போனார். காலையில் வந்து பார்த்தால் சீட் கடைசிவரை பின்னால் கிடக்கிறது. நெட்டையான ஆள் யாரோ காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு எழுந்து போன மாதிரி.

காருக்குள் கிராம்புச் சிகரெட் வாசனை வேறு. கிளீட்டஸ் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. சிலுவை போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்.

அது எழுபத்திரண்டாம் வருஷத்து ஆஸ்திரேலிய சார்ஜர் கார். நீண்ட மூக்கு, ஆரஞ்சு நிறம், தெருவையே அதிரவைக்கும் இன்ஜின். ஜாசின் டவுன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது மருதமுத்து என்பவரிடம் விற்றுவிட்டுப் போனது. அதைப் புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று ஆயுசெல்லாம் அசல் சாமான் தேடிய மருதமுத்து, போன வருஷம் வீட்டு வாசலில் இதே காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

அவர் மனைவி பவானேஸ்வரிதான் காரை லாரியில் ஏற்றி, கிளீட்டஸைத் தேடி பாயா ரும்புட்டில் இருந்த அவர் வொர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தார். கூடவே பிஸ்கட் டின் டின்னாகப் பழைய சாமான்.

"கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரி ஆக்கணும்னு அவருக்கு ஆச தம்பி. அப்படியே செஞ்சி குடுங்க. கார்ப்பெட்டுக்கு அடியில மட்டும் கை வைக்க வேணாம். அங்கல்லாம் அவரே முடிச்சிட்டாரு."

கிளீட்டஸ் தலையாட்டினார். ஆனால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரே ஒரு போல்ட் வேறு கம்பெனி போல்ட்டாக இருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மேனேஜர் காலத்துக்குப் பிறகு ஒட்டியது, தொங்கவிட்டது, துளை போட்டது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துகொண்டே வந்தார்.

அன்று பவானேஸ்வரி வேலையைப் பார்க்க வந்தபோது கிளீட்டஸால் அடக்க முடியவில்லை.

"அக்கா, தொண்ணூத்தாறுல வந்து இவன் பேயப் பத்திப் பேசறானேன்னு சிரிக்காதீங்க" என்று தொடங்கி, சீட்டையும் வாசனையையும் சொல்லிவிட்டார்.

பவானேஸ்வரியின் முகம் மாறியது.

"இன்னிக்குமா?"

"இன்னிக்கும்தான்லா. உங்க வீட்டுல இருந்தப்பவும் இப்படித்தானா?"

அவர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

பாவம், எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று கிளீட்டஸுக்கு மனசைப் பிசைந்தது. புருஷனைக் கொண்டுபோனது இந்தக் காரில் இருக்கும் ஏதோ ஒன்று. வேலை முடிந்ததும் இந்த அம்மா தன்னந்தனியாக இதே காரை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார். அவருக்கும் ஒன்று ஆகிவிட்டால்?

மறுநாள் கிளீட்டஸ் கொடுத்த வாக்கை மீறினார். டிரைவர் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினார்.

இருந்தது. சீட்டுக்கு நேர் அடியில், தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு நீளமான ஆணி. அதில் இறுக்கிச் சுற்றிய சிவப்புத் துணி. துணிக்குள் நரைத்த குட்டை முடி கொஞ்சம். எந்தக் கம்பெனியும் இப்படி ஓர் ஆணியை அடித்துக் கார் அனுப்பியதில்லை.

கிளீட்டஸ் ஜெபம் சொல்லிக்கொண்டே குறடால் பிடித்து இழுத்தார். இரும்பில் இரும்பு உரசி, யாரோ முனகுவதுபோல் ஒரு சத்தம். ஆணி கையோடு வந்துவிட்டது.

அத்தோடு எல்லாம் நின்றது. சீட் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. வாசனை போன இடம் தெரியவில்லை.

பவானேஸ்வரி காரை எடுத்துப்போக வந்தபோது ஆரஞ்சு நிறம் வெயிலில் பளபளத்தது. ஏதோ கல்யாணத்துக்குப் போவதுபோல் அவர் நல்ல சேலை கட்டியிருந்தார். வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"பெயின்ட் வாசம்தான் வருது" என்றார் மெல்ல. "சீட்டு?"

"அசையவே இல்லக்கா!" கிளீட்டஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "இனிமே நீங்க பயப்படவே வேணாம். உங்க பேச்ச மீறி கார்ப்பெட்டத் தூக்கிப் பாத்தேன், மன்னிச்சிருங்க. யாரோ ஒரு பாவி உங்க கார்ல சூனியம் வச்சிருக்கான். முடியச் சுத்தி ஆணி அடிச்சிருந்தான். பிடுங்கிக் கொண்டுபோயி உம்பாய் கடல்ல வீசிட்டேன். ஓட்டையக்கூட வெல்டிங் வச்சி அடைச்சிட்டேன். இப்ப கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு."

பவானேஸ்வரி குனிந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கார்ப்பெட்டுக்குக் கீழே தரையைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. கை நெடுநேரம் அங்கேயே கிடந்தது.

"யாருக்கா வச்சது? உங்களுக்கு ஆள் தெரியுமா?"

அவர் காலியான டிரைவர் சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவரு என்னய விட்டுட்டுப் போயிறக் கூடாதுன்னு, நாந்தான் தம்பி அடிச்சி வச்சேன்."