சாமித்தட்டில் ஒரு போத்தல்

வில்லரேயில் துஷாந்தினியின் பெற்றோர் வீட்டுச் சாமித்தட்டில், விளக்கொளி பட்டு, வெள்ளை வைன் போத்தல் ஒன்று வியர்த்துக்கொண்டு நிற்கிறது. வாசலில் எத்தியென் நீட்டியதை, திராட்சைக்குலைப் படத்தைப் பார்த்துப் பழச்சாறென்று நினைத்து, அம்மா அங்கே வைத்துவிட்டாள். கட்டப்போகிற எத்தியெனை முதன்முதலாகக் கூட்டிவந்திருக்கும் துஷாந்தினி இருப்புக்கொள்ளாமல் வளையலை உருட்டுகிறாள். அப்பா கிட்டப் போய் மூக்குக்கண்ணாடியை உயர்த்துகிறார். "இது வைன் எல்லோ?" அம்மாவின் கை வாய்க்குப் போகிறது. ஒன்றும் விளங்காத எத்தியென் பிரெஞ்சில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போகிறான். "என்னவாம்?" என்கிறாள் அம்மா. துஷாந்தினி மொழிபெயர்க்கிறாள். "அவையின்ர சொந்தத் திராட்சைத் தோட்டமாம். இந்த வைன் இனிப்பே இராதாம். மருந்தும் அடிக்கிறேல்லையாம். மாட்டுக் கொம்புக்குள்ள சாணியை அடைச்சு மண்ணுக்குள்ள தாட்டு, பேந்து கரைச்சுத் தெளிக்கினமாம். எல்லாம் வளர்பிறை தேய்பிறை பார்த்துத்தானாம்." போத்தலை எடுக்கப்போன அப்பாவின் கையை அம்மா பிடித்துக்கொள்கிறாள். "பசுமாட்டுச் சாணியோ எண்டு கேள், பிள்ளை."